முயலுக்கு வாங்கிய நெஸ்ட் பாக்ஸ் செட்: பெட்டி சரி, மற்றதற்கு யோசியுங்கள்

முயல் சினையாக இருக்குமோ என்ற பதற்றத்தில் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெஸ்ட் பாக்ஸை, அதாவது தாய் முயல் குட்டி போட்டு வளர்க்கும் பெட்டியை வாங்கலாம், ஆனால் முன்பக்கத்தில் ஒரு சின்ன மரவேலை செய்ய வேண்டியிருக்கும். கூடவே வரும் பஞ்சைப் பிரிக்காமலே ஒதுக்கிவிடுங்கள். மின்சாரத்தில் சூடாகும் ஹீட்டிங் பேடைக் கூட்டுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். கையேடு பாதி சரி, பாதி பயமுறுத்தல். இனி விவரம், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எங்களிடம் இருப்பவை இரண்டு. இரண்டும் பெண் என்று சொல்லித்தான் விற்றார்கள். நகம் வெட்டக் கொண்டுபோன இடத்தில் மருத்துவர் ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு இது ஆண் என்றார். விற்றவரைத் திட்டலாம், திட்டவும் செய்தோம். ஆனால் குட்டி முயலில் ஆண் பெண் பார்ப்பது உண்மையிலேயே கஷ்டம், ஆணுக்கு விரை இறங்குவதே 10 முதல் 12 வாரத்தில்தான், அதற்குப் பிறகும் பயந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்குள் இரண்டும் ஒன்றாகவே வளர்ந்துவிட்டன. சின்ன இனத்துப் பெண் முயல் நாலு மாதத்திலேயே சினை பிடிக்கும் வயதுக்கு வந்துவிடும். நாய், மாடு போல பருவ நாள் பார்த்து ஆறுதல் அடையவும் வழியில்லை, ஏனென்றால் பெண் முயலுக்கு இணை சேர்ந்த பிறகுதான், சுமார் 10 முதல் 12 மணி நேரம் கழித்து, கருமுட்டையே வெளியாகிறது. சேர்ந்திருந்தால் பிடித்திருக்கும் என்றே வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

அதனால் பெட்டி வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: இரண்டையும் அன்றைக்கே பிரிப்பது. "எப்படியும் சினையாகிவிட்டதே, இனி ஒன்றாக இருந்தால் என்ன" என்று ஒருவர் கேட்டார். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெண் முயல் மறுபடி சினை பிடிக்கும், அதுதான் காரணம். ஒரு ஈற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்ததைச் சுமக்கும் நிலை அதற்கு வரக் கூடாது. ஆணுக்குக் கருத்தடை அறுவை செய்துவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம், அறுவைக்குப் பிறகும் 4 முதல் 6 வாரம் வரை அதனால் சினையாக்க முடியும்.

சரி, செட்டுக்கு வருவோம். நான் வாங்கியதில் ஒரு மரப்பெட்டி, ஒரு பை மரச்சுருள், ஒரு பை வெள்ளைப் பஞ்சு, ஒரு ஹீட்டிங் பேட், ஒரு கையேடு இவ்வளவும் இருந்தன. பேக்கிங் நன்றாக இருந்தது, மூலை எதுவும் உடையவில்லை. பூட்டுவதற்குத் திருப்புளி ஒன்று போதும், படம் பார்த்தே செய்துவிடலாம். ஒரு திருகாணி குறைந்தது, வீட்டில் கிடந்ததைப் போட்டுக்கொண்டேன், அதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன்.

அளவில்தான் முதல் குழப்பம். சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று வருகிறது, முயலின் எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். பெரும்பாலானவர்கள் "தாராளமாக இருக்கட்டும்" என்று ஒரு அளவு கூட்டி வாங்குகிறார்கள். அது வேண்டாம். தாய் உள்ளே போய், உட்கார்ந்து, திரும்பி வெளியே வர இடமிருந்தால் போதும். பெட்டி பெரிதானால் குட்டிகள் ஆளுக்கொரு மூலைக்குச் சிதறிக் குளிர்ந்துபோகும், மீதி இடத்தைத் தாய் கழிப்பறையாக்கிவிடும். நடுத்தர உடம்புள்ள முயலுக்குச் சுமார் 45 செ.மீ. நீளம், 25 முதல் 30 செ.மீ. அகலம் தாராளம். இவர்களுடைய நடுத்தரப் பெட்டி கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

மரம் நல்ல மரம். வார்னிஷ், பெயின்ட் எதுவும் இல்லை, பிசின் வாடையும் இல்லை. முயல் எப்படியும் ஓரத்தைக் கடிக்கும், அதனால் இது முக்கியம். அடிப்பலகையில் சின்னச் சின்ன ஓட்டைகள், ஈரம் தேங்காமல் வடிந்துவிடுகிறது. அந்தப் பலகையைத் தனியாக உருவி எடுக்கவும் முடிகிறது, இதைச் செய்தவருக்கு ஒரு சலாம். கூரை பாதி மட்டும்தான். பார்க்கும்போது ஏதோ மிச்சம் பிடித்தது போலத் தெரியும், ஆனால் அதுதான் சரியான வடிவம். முழு மூடி போட்டால் உள்ளே வேர்த்து ஈரம் சேரும், சிறுநீர் வாடை அடைபடும், குட்டிகளுக்கு மூச்சுத் தொல்லை வரும். பாதிக் கூரையென்றால் பின்பக்கம் இருட்டாக இருக்கிறது, முன்பக்கம் காற்று வருகிறது. குட்டிகள் கொஞ்சம் வளர்ந்து பாலுக்காகத் துரத்தும்போது எங்கள் அம்மணி ஏறி உட்கார்ந்து தப்பித்த இடமும் அந்தக் கூரைதான்.

குறைகள் இரண்டு. ஒன்று, உள்மூலையில் ஸ்டேப்ளர் பின் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, நுழைவாயில் விளிம்பும் சொரசொரப்பு. தாய் அந்த விளிம்பின் மேல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் உள்ளே வெளியே போகும், முலைக்காம்பு கீறிப் புண்ணானால் பால் கொடுக்காது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். வாங்குபவர்கள் விரலால் எல்லா மூலையையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது குறை பெரியது. வாயிலின் தடுப்பு உயரம் 10 செ.மீ. கூட இல்லை. குறைந்தது 15 செ.மீ. வேண்டும். ஏன் என்பதைக் கண்ணாலேயே பார்த்தோம். தாய் முயல் மொத்தமே 3 முதல் 5 நிமிடம்தான் பால் கொடுக்கும், முடிந்ததும் சட்டென்று எழுந்து குதித்துப் போய்விடும். அப்போது ஏதாவது ஒரு குட்டி காம்பை விடாமல் தொங்கிக்கொண்டிருந்தால் அதுவும் கூடவே வெளியே வந்துவிடும். தடுப்பு உயரமாக இருந்தால் பலகையில் உரசி உள்ளேயே விழும். எங்களுடையதில் ஒன்று வெளியே வந்து கூண்டுத் தரையில் கிடந்தது, தொட்டால் சில்லென்று இருந்தது. பூனை, நாய் செய்வது போல வாயில் கவ்விக் கொண்டுபோய் உள்ளே வைக்கும் பழக்கம் முயலுக்குக் கிடையாது. நாம் பார்த்து எடுக்காவிட்டால் அது அங்கேயே கிடந்து செத்துப்போகும்.

அந்த நிலையில் செய்ய வேண்டியது, பால் கொடுக்க முயற்சி செய்யாமல் முதலில் உடம்பைச் சூடாக்குவது. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் செரிக்காது. உள்ளங்கையில் பொத்தி, சட்டைக்குள் உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டால் மெல்லச் சூடேறி நெளிய ஆரம்பிக்கும், அப்புறம் மற்றக் குட்டிகளுக்கு நடுவில் விட்டுவிடலாம். எங்கள் குட்டி பிழைத்துக்கொண்டது. அன்றைக்கே வாயிலில் ஒரு பலகையை வைத்துத் திருகி உயரத்தைக் கூட்டினேன், அதன் பிறகு ஒன்றும் வெளியே வரவில்லை. இவ்வளவு யோசித்துப் பெட்டி செய்தவர்கள் இந்த ஒரு அளவை எப்படித் தவறவிட்டார்கள் என்று புரியவில்லை. படத்தில் தாய் எளிதாக உள்ளே போவது அழகாகத் தெரியட்டும் என்று குறைத்திருப்பார்களோ என்னவோ.

அடுத்தது அந்தப் பஞ்சு. "தாயின் மென்மை" என்று பையில் அச்சடித்திருக்கிறது. இழை இழையாகப் பிரியும் செயற்கைப் பஞ்சு. குட்டிகள் பிறக்கும்போது முடி இருக்காது, கண் தெரியாது, காது கேட்காது, ஆனால் கூட்டுக்குள் ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கும். அந்த நெளிவில் ஒரு இழை கால் விரலிலோ கழுத்திலோ சுற்றினால் இறுகிக்கொண்டே போகும். தாய் தின்றுவிட்டால் குடலில் அடைக்கும், முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. இதே காரணத்துக்காகப் பழைய துணி, நூல் பிரியும் துண்டு இவையும் வேண்டாம். தயாரிப்பாளர்கள் இதைச் செட்டிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கட்டு வைக்கோல் வைத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

வைக்கோல்தான் உண்மையான படுக்கை. தண்டுக்குள் வெற்றிடம் இருப்பதால் சூட்டைப் பிடித்து வைக்கும், ஈரத்தையும் மேலே நிற்க விடாது. உலர்புல்லும் போடலாம், என்ன, கூட்டையே உட்கார்ந்து தின்றுவிடுவாள். அடியில் செட்டோடு வந்த மரச்சுருளை 3 முதல் 5 செ.மீ. வரை பரப்பினேன், அது தூசி இல்லாமல் நன்றாகவே இருந்தது. நீங்கள் தனியாக வாங்குவதானால் தேவதாரு வாசனை வருவதை எடுக்காதீர்கள், நைஸான மரத்தூளும் வேண்டாம், மூக்கில் ஏறும். மரச்சுருளுக்கு மேல் வைக்கோலைப் பெட்டி நிறையத் திணித்து, பின்பக்கம் கையால் ஒரு குழி செய்துவிட்டால் நம் வேலை முடிந்தது. மற்றதை அதுவே செய்யும். வாயில் வைக்கோலைக் கற்றையாகக் கவ்விக்கொண்டு அலையும், பிறகு தாடைக்குக் கீழும் வயிற்றிலும் தன் முடியையே பிய்த்துப் போட்டு மெத்தை அமைக்கும். ஈனும் நேரத்து ஹார்மோனால் அந்த முடி தானாகவே தளர்ந்திருக்கும், அதனால் பார்த்துப் பதற வேண்டாம். அளவுக்கு மேல் பிய்த்திருந்தால் கொஞ்சம் எடுத்துச் சுத்தமான பையில் வைத்துக்கொள்ளுங்கள், கூடு நனைந்தால் மாற்றிப் போட உதவும்.

முடி பிய்ப்பதைப் பார்த்ததும் சினை உறுதி என்று முடிவு கட்டவும் கூடாது. பொய்ச்சினை என்று ஒன்று இருக்கிறது. கருத்தரிக்காத இணைசேர்க்கைக்குப் பிறகோ, இன்னொரு பெண் முயல் மேலே ஏறுவதாலோகூட வரும், 16 முதல் 18 நாளில் கூடு கட்டி முடி பிய்த்து முழு நாடகமும் நடக்கும், குட்டி இருக்காது. உண்மையான சினை 30 முதல் 32 நாள். சேர்ந்த நாள் தெரிந்தவர்கள் இந்த இரண்டு கணக்கையும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். எங்களைப் போல ஒன்றாகவே வளர்த்தவர்களுக்குப் பிரித்த நாள் மட்டும்தான் தெரியும். அதிலிருந்து 35 நாள் எண்ணினால் கடைசி எல்லை கிடைக்கும், அதற்குள் என்றைக்கு வேண்டுமானாலும் ஈனலாம். மருத்துவர் 10 முதல் 14 நாள் சினையில் வயிற்றைத் தடவியே சொல்லிவிடுவார், ஸ்கேனிலும் தெரியும். வீட்டில் நாமே அமுக்கிப் பார்ப்பது கருவுக்கும் ஆபத்து, தாய்க்கும் ஆபத்து. ஆரம்ப நாட்களிலேயே தெரிந்துவிட்டால் கருவோடு சேர்த்துக் கருப்பையை எடுக்கும் அறுவை செய்வதும் உண்டு. குட்டிகளுக்கு வீடு தேட முடியாதவர்கள் அதையும் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம், அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை என்பது என் கருத்து.

பெட்டியை எப்போது வைப்பது என்பதில் கையேடு சொதப்புகிறது. "வாங்கியவுடன் கூண்டில் வைத்துப் பழக்குங்கள்" என்கிறது. நாள் தெரிந்தால் 28ஆம் நாள் வாக்கில் வைத்தால் போதும். முன்னாலேயே வைத்தால் அதில்தான் சிறுநீர் கழிக்கும், பிறகு அந்த ஈரத்திலேயே குட்டி போடும். எங்களைப் போல நாள் தெரியாதவர்களுக்கு வேறு வழி இல்லை, வைத்துத்தான் ஆக வேண்டும். அப்போது பெட்டியைக் கழிக்கும் மூலைக்கு எதிர் மூலையில் வையுங்கள், தினமும் கை விட்டுப் பார்த்து நனைந்ததை மாற்றுங்கள்.

கையேட்டின் இன்னொரு வரிதான் எனக்குக் கோபம் வரவைத்தது. தாய் பெட்டிக்குள் உட்காராவிட்டால் அது குட்டிகளைக் கைவிட்டுவிட்டது என்று பொருள், உடனே புட்டிப்பால் தொடங்குங்கள் என்கிறது. இதை நம்பி எத்தனை பேர் நல்ல குட்டிகளுக்குப் புரையேற்றி இருப்பார்களோ. முயல் கூட்டில் உட்காராது. காட்டில் குட்டி இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுக்காமல் இருக்க விலகியே இருக்கும், அந்தச் சுபாவம் வீட்டிலும் மாறவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, பெரும்பாலும் நாம் தூங்கும் நேரத்தில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். பால் குடித்ததா என்று தெரிந்துகொள்ளக் குட்டியின் வயிற்றைப் பாருங்கள். உருண்டு, தோலுக்கு அடியில் வெள்ளையாகப் பால் தெரிந்தால் நிம்மதியாக மூடி வைத்துவிடலாம். வயிறு ஒட்டித் தோல் சுருங்கியிருந்தால், அதுவும் எல்லாக் குட்டிக்கும் அப்படி இருந்தால், மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதும் வளர்ப்பு முயலுக்குப் பொருந்தாது. பிறந்த அன்றே கையைக் கழுவி, அவளுடைய படுக்கையில் தேய்த்துக்கொண்டு, எண்ணிப் பார்த்து, இறந்து பிறந்தது இருந்தால் எடுத்துவிட வேண்டும். தினமும் எடை பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. இந்தச் செட்டில் ஹீட்டிங் பேடுக்குப் பதிலாகக் கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வைத்திருந்தால் நான் இன்னொரு நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

ஹீட்டிங் பேடைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வயரை முயல் கடிக்கும். கடிக்க முடியாதபடி மறைத்தாலும், பிறந்த குட்டியால் சூடு அதிகமானால் நகர்ந்து தப்பிக்க முடியாது. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு முடிக்கு அடியில் கிடந்தாலே அவற்றுக்குப் போதுமான சூடு கிடைத்துவிடும். வெயில் காலத்தில் பிரச்சினை தலைகீழ். குட்டிகள் விலகிப் பரவிக் கிடந்து சிவந்து தெரிந்தால் மேலே இருக்கும் முடியைக் கொஞ்சம் விலக்கிவிட வேண்டும்.

தீவனம் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள், முதல் நாளிலிருந்தே பெல்லட் எனும் குச்சித் தீவனத்தை இரட்டிப்பாக்கச் சொல்கிறார்கள். அதைக் கேட்காதீர்கள். கொழுத்த முயல் சினையின் கடைசி நாட்களில் சாப்பாட்டை நிறுத்தினால் சினை நச்சு என்ற கோளாறு வரும், உயிரையே எடுத்துவிடும். உலர்புல்லும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும், பெல்லட்டைக் கடைசி வாரங்களில் மெல்லக் கூட்டலாம், சினைக்கும் பால் கொடுக்கும் காலத்துக்கும் குதிரைமசால் நல்லது, புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் அதிகம். ஈனுவதற்கு ஒரு நாள் முன்பு கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவது சகஜம். ஆனால் அரை நாளாகப் புல்லைத் தொடவே இல்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். முக்கிக்கொண்டே இருந்து குட்டி வரவில்லை என்றாலும் அப்படியே. சாதாரணமாக ஈனுவது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பெட்டி எப்படி உழைத்தது என்றால், நன்றாகவே உழைத்தது. குட்டிகளுக்கு ஒரு வாரத்தில் மெல்லிய முடி வந்தது. கண் திறப்பது 10 முதல் 12 நாளில், அந்தச் சமயம் படுக்கை அழுக்காக இருந்தால் கண்ணில் சீழ் பிடிக்கும் என்பதால் அடிப்பலகையை உருவிக் கழுவி வெயிலில் காயவைத்துப் போட்டேன். அப்போதுதான் அந்த உருவும் பலகையின் அருமை தெரிந்தது. மூன்றாவது வாரத்தில் குட்டிகள் தாங்களாகவே தடுப்பைத் தாண்டி வெளியே வர ஆரம்பித்துவிட்டன, கொஞ்ச நாளில் பெட்டியை எடுத்துவிட்டோம். மரம் உப்பவில்லை, ஆணி ஆடவில்லை. ஓரமெல்லாம் பல் தடம்.

இன்னும் சந்தேகம்தான், சினையா இல்லையா தெரியவில்லை என்பவர்கள் இதை வாங்கத்தான் வேண்டுமா என்றால், வேண்டாம். மேலே சொன்ன அளவில் கெட்டியான ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து, வாயிலை 15 செ.மீ. உயரத்தில் வெட்டி, வைக்கோலைத் திணித்தால் போதும். நனையும், கடித்துக் குதறும், அப்போது வேறொன்றை மாற்றலாம். டேப், ஸ்டேப்ளர் பின், வழவழப்பான அச்சுப் பூச்சு இவை மட்டும் இருக்கக் கூடாது. தகரப் பெட்டி வேண்டாம், குளிரில் சில்லென்று இருக்கும், வெயிலில் காயும். வெறும் கம்பி அடித்தளம் அதைவிட மோசம், குட்டியின் கால் இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

சினை உறுதியாகிவிட்டது, முழுப் பெட்டியையும் சொந்தமாகச் செய்ய முடியாது என்பவர்கள் வாங்கலாம். பெட்டிக்கு ஐந்துக்கு நாலு, வாயில் உயரத்துக்காகத்தான் ஒன்றைக் குறைத்தேன். முழுச் செட்டாகப் பார்த்தால் இரண்டரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. பஞ்சைப் பற்றி வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன், உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது. பெட்டியை மட்டும் தனியாகவும் விற்கிறார்கள், தேடினால்தான் கண்ணில் படும், அதை எடுங்கள். கூடவே தாய்க்குக் கருத்தடை அறுவைக்கு நாள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், குட்டிகள் பால் மறந்த பிறகு செய்வார்கள், வயதான பெண் முயல்களுக்கு அதிகம் வரும் கருப்பைப் புற்றுநோயிலிருந்தும் அது காப்பாற்றும். விற்றவர் சொன்னதை நம்பியது போல, குட்டிகளில் ஆண் பெண் எது என்று யாரோ சொல்வதை இந்த முறை நாங்கள் கேட்கப் போவதில்லை, 8 வாரம் ஆனதும் மருத்துவரிடம் காட்டி, 10 வாரத்துக்குள் ஆண்களைத் தனிக் கூண்டுக்கு மாற்றப் போகிறோம்.